குடில் மலையில் ஒரு கடலடி வெந்நீர் ஊற்று

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கல்லூரிக் கண்காட்சியின் கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர்: என் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. இல்லாதவர்கள் மூன்று பேர். என்னோடு சேர்ந்து அந்தக் காட்சியைச் செய்ய வேண்டிய வகுப்புத் தோழன் அம்மை போட்டுச் சாணார்பட்டியில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலையில் இருந்தார். மூன்றாவது ஆள் நான். எங்களைப் பார்த்துத் தேர்வு செய்ய வரும் அம்மையாரை அழைத்துவரத் துறைத் தலைவர் என்னை அனுப்பியிருந்தார். ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கப்பட்ட ரயிலுக்காகத் திண்டுக்கல் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

பசிபிக் பெருங்கடலின் அடியில் பத்தாண்டுகளாக நடந்த ஒரு மாற்றத்தின் கடைசிப் பகுதியை, நான் இல்லாத அந்த நேரத்தில் அம்மாவும் மாமாவும் செய்து முடிக்க வேண்டியிருந்தது. செய்தும் முடித்தார்கள். அவர்கள் செய்த விதத்தைச் சொல்வதற்கு முன், அந்தக் கடலடி எங்கள் தெருவுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அப்பாவுக்குப் பேருந்துப் பலகை படிக்க வரும். மாமா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதுவும் கல்யாணப் பத்திரிகையை மட்டும். அவருக்குத் தொழில் மைக் செட்டும் சீரியல் லைட்டும்.

பிப்ரவரியில் கல்லூரியில் மூன்று நாள் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதன் கீழே இருந்த நான்கு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடற்கரை ஊர் ஒன்றிலுள்ள ஆய்வகம், மே மாதம் முழுக்கக் கடல் உயிரினங்களைப் பற்றிப் பயிற்சி தரும். தங்க இடமும் சாப்பாடும் அவர்களுடையது. படகில் கடலுக்குள் அழைத்துப் போவார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவர். கண்காட்சியின் கடைசி நாள் ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. தேர்வாகவில்லை என்றால் மே மாதம் எங்கே இருப்பேன் என்பதும் முடிவாகியிருந்தது. தோல் ஷாப்பில் கணக்குப் பிள்ளைக்கு உதவியாளாக என்னை உட்கார வைக்க அப்பா முதலாளியிடம் சொல்லிவைத்துவிட்டார். கண்டிப்பில் அல்ல, சந்தோஷத்தில். தான் முட்டளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்ற இடத்தில் மகன் நாற்காலியில் உட்காரப் போகிறான் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு இடம் கிடைத்தால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் ஜெராக்ஸ் கட்டு கிடந்தது. ஆழ்கடலின் அடியில் உள்ள வெந்நீர் ஊற்றுகளைப் பற்றியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். படங்கள் எல்லாம் ஜெராக்ஸில் ஒரே கறுப்புத் தீற்றல். அதனால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் வெறும் கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பிலும் கறுப்பாக ஒரு புகை. அதற்குக் கீழே செங்கல் சூளையின் புகைபோக்கி போல ஒரு கல் கூம்பு. கூம்பின் அடிவாரம் வர வேண்டிய இடத்தில் திடீரென்று ஒரு சிவப்புக் கோடு. அடுத்த கோடும் சிவப்பு. அதற்கடுத்ததும். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சிவப்பு முடிந்து வெள்ளைக் குழாய்கள் வந்தன, நூற்றுக்கணக்கில், கரும்புக் கட்டை நிறுத்திவைத்ததுபோல.

கடைக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி அது, செம்பருத்தியா?"

"புழுண்ணே."

"புழுவா? எம்புட்டு நீளம் இருக்கும்?"

"பெருசெல்லாம் என் உசரம் இருக்கும்ணே. வாயும் கிடையாது, வயிறும் கிடையாது."

"அப்பச் சாப்பாட்டுச் செலவு இல்ல. குடுத்து வச்ச புழு," என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். "ஒனக்குத்தான் ஒரு மணி நேரம் தாண்டிருச்சு."

அங்கே வெயில் எட்டாது. செடி இல்லை. கடலடியின் விரிசல்களில் இறங்கும் தண்ணீர் பாறைக் குழம்பின் சூட்டில் கொதித்து, ஹைட்ரஜன் சல்பைடைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. அந்தச் சல்பைடிலிருந்து பாக்டீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன. குழாய்ப்புழு அந்தப் பாக்டீரியாக்களைத் தன் உடம்புக்குள்ளேயே குடிவைத்துக்கொள்கிறது. இது எல்லாமே எனக்குப் புதிது. ஆனால் என்னை உலுக்கியது புழு அல்ல, அது வந்த வரிசை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பசிபிக்கின் அடியில் ஓரிடத்தில் எரிமலை வெடித்துப் பழைய உயிர்களை எல்லாம் குழம்பு மூடிவிட்டது. நீர்மூழ்கியில் போனவர்கள் அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். முதலில் விரிசல்களிலிருந்து இலவம் பஞ்சு வெடித்துப் பறப்பதுபோல வெள்ளை வெள்ளையாகப் பாக்டீரியாத் திரள்கள். வேறொன்றும் இல்லை. ஓராண்டுக்குள் பென்சில் பருமனில் சிறிய குழாய்ப்புழுக்கள். அடுத்து வந்தது பெரிய புழு, ஆள் உயரத்துக்கு வளர்வது. வந்த வேகத்தில் இடத்தையே பிடித்துக்கொண்டது. அதன் சிவப்புக் கொண்டையைக் கொறிக்க வெள்ளை நண்டுகள். ஊற்றின் வேகமும் சல்பைடும் குறையக் குறையப் பெரிய புழுவின் ஆட்டம் அடங்கி, பழுப்பு நிற மட்டிச் சிப்பிகள் பாறையை மூடத் தொடங்கின. ஒருநாள் ஊற்று நின்றுபோனால் மிஞ்சுவது வெறும் ஓடு. செத்த கல்லில் ஒரு ஊர் உண்டாகி, ஆள் மாறி ஆள் மாறி அடங்குவதை மனிதர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்! அன்று பிரவுசிங் சென்டரிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். பேருந்தில் உட்கார்ந்து வர உடம்பு இடம் கொடுக்கவில்லை.

அப்பா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எத்தனை குடம் ஊற்றினாலும் அவர் உடம்பை விட்டுப் போகாத ஒரு வாடை உண்டு. ஆட்டுத் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்புக் குழியில் சல்பைடு போடுவார்கள். அழுகின முட்டை மாதிரி இருக்கும்.

"அப்பா, அந்தக் கடலடி உசுரெல்லாம் எதைத் தின்னு வாழுது தெரியுமா? உங்க சுண்ணாம்புக் குழி வாடை இருக்குல்ல, அதைத்தான்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏலே, அந்த வாடைக்குக் கல்யாணத்தன்னைக்கே ஒங்கம்மா மூக்கப் பொத்துனவ. அதத் திங்கிற உசுரு இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றாள் அம்மா, தட்டில் வெஞ்சனம் வைத்துக்கொண்டே. "இருவத்தஞ்சு வருசமா இந்த வீட்ல மூணு உசுரு அதத்தான தின்னுக்கிட்டு இருக்கோம்."

அப்பா சிரித்ததில் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஆமா அப்பு, வெறுங்கல்லாக் கெடந்த எடத்துல சூடு வந்திருக்குன்னு அதுகளுக்கு யாரு போயிச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. குஞ்சுக தண்ணியோட மிதந்து போகும். அந்தச் சூடும் வாடையும் இருக்கிற இடம் கிடைச்சா ஒட்டிக்கும். கிடைக்காட்டி செத்துரும்."

"அப்ப வந்து சேந்தது கொஞ்சம். சேராதது எம்புட்டோ," என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் மாமாவிடம் போனேன். மலை செய்ய என்ன வழி என்று கேட்டதும் துள்ளினார்.

"நம்மகிட்டதான் மலை இருக்கே மாப்ள!"

எங்கள் தெருவின் கிறிஸ்துமஸ் குடில் மலையைச் சொன்னார். மூங்கில் சட்டத்தில் கோணிச் சாக்கை மைதாப் பசையில் நனைத்துப் போர்த்திக் காயவைத்து, பழுப்பும் பச்சையும் அடித்தது. ஆண்டு முழுவதும் நான்கு துண்டுகளாக மாமா வீட்டுப் பரணில், ஒலிபெருக்கிக் குழாய்களுக்குப் பக்கத்தில் கிடக்கும். டிசம்பரில் தெருமுனையில் நிற்கும். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் பொம்மைகளையும் மலையின் கோடியில் வைத்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து தினம் ஒரு சாண் நகர்த்தி, ராஜாக்கள் திருநாளன்று குழந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அம்மாவின் வேலை. வேறு ஒருவரைத் தொடவிட மாட்டாள். நாளுக்கு நாள் மாறும் காட்சி என்ற யோசனையே எனக்கு அந்த ராஜாக்களிடமிருந்து வந்ததுதான். மற்றவர்கள் எல்லாம் மூன்று நாளும் ஒரே சார்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்போது, என் கடலடி மட்டும் வளரும்.

"கறுப்பு அடிக்கணும் மாமா. எரிமலைக் கல்லு."

"டிசம்பருக்கு?"

"திரும்பப் பச்சை அடிச்சிரலாம்."

"கறுப்பு மேல பச்சை நிக்குமாடா?"

"நிக்கும்," என்றேன். எனக்குத் தெரியாது.

சீரியல் லைட் வேண்டாம் என்று சொன்னபோதுதான் மாமாவுக்கு மனசு விட்டுப்போனது. "வெளிச்சம் இல்லாட்டி எவன்டா பாப்பான்?" என்றார். கடலடியில் வெளிச்சமே கிடையாது, நீர்மூழ்கிக்காரர்கள் விளக்கடித்துத்தான் பார்த்தார்கள், அதனால் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, வருகிறவர் கையில் டார்ச்சைக் கொடுத்து உள்ளே அனுப்புவோம் என்று விளக்கினேன். ஒரு நிமிடம் யோசித்தார். "பேய்ப் பங்களா மாதிரி," என்றார். அதற்குப் பிறகு என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

பத்து நாள் வீடே கடலடியாகக் கிடந்தது. பஞ்சு பாக்டீரியா ஆனது. ஜூஸ் கடை உறிஞ்சு குழல்களை வெட்டிச் சின்னப் புழு செய்தோம். வயரிங் வேலைக்கு வாங்கும் வெள்ளைக் குழாயை அறுத்து, நுனியில் கோயில் தோரணத்துக்கு வாங்கும் சிவப்பு கிரேப் தாளைச் சுருட்டிச் செருகினால் பெரிய புழு. நண்டுக்கு முட்டை ஓடும் ஈர்க்குச்சியும். மட்டிச் சிப்பிக்குத்தான் வழி தெரியாமல் திணறினேன். அப்பா ஒரு நாள் மாலை பை நிறைய வெட்டுத் துண்டுத் தோலைக் கொண்டுவந்து கொட்டினார். நனைத்து, இரண்டாக மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் காயவைத்தார். காய்ந்ததும் அசல் சிப்பி. நிறம்கூடக் கட்டுரையில் எழுதியிருந்த அதே மஞ்சள் பழுப்பு. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

வியாழக்கிழமை கண்காட்சி தொடங்கியது. தோழன் அம்மையில் படுத்துவிட்டதால் அம்மாவும் மாமாவும் என்னோடு நிற்கத் துறைத் தலைவர் அனுமதி கொடுத்தார். அம்மா கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாள் வெறும் பாறையும் பஞ்சும், மதியத்துக்கு மேல் சின்னப் புழுக்கள். ஊற்றின் புகைக்கு மாமா மலைக்குள் ஒரு கொட்டாங்கச்சியில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினார்.

அந்தச் சாம்பிராணியை நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு அம்மாள் குழந்தையோடு வந்தார். கறுப்புத் துணி, உள்ளே மலை, மலையிலிருந்து சாம்பிராணி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தார், ஒரு ரூபாயை எடுத்து மலையடியில் வைத்தார், நெற்றியைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அவரைப் பார்த்தே கழற்றினார்கள். சாயங்காலம் வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு. எதிரே ராக்கெட் வைத்திருந்த இயற்பியல் மாணவன், "ஏன்டா, ஒரு உண்டியலும் வச்சிர வேண்டியதுதான?" என்றான். ஆனால் அவன் ராக்கெட்டுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை பெரிய புழுக்கள் நின்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு முறை, மூன்று முறை வரிசையில் வந்தார்கள். நேற்று இது இல்லையே, நேற்று இது இல்லையே என்று கத்தினார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தொண்டை கட்டியும் நிறுத்த முடியவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் மறுநாள் வேலையைச் சொன்னேன்: காலையில் எல்லா மட்டியையும் வைத்துவிட வேண்டும். "வச்சிருவோம்," என்றாள். எதை எடுக்க வேண்டும் என்பதை நான் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, அவளுக்கே தெரியும் என்று நினைத்தேனா, இப்போது நினைவில்லை. சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ரயில் வந்தது. இறங்கிய அம்மையாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, வெயிலில் கறுத்த முகம், காலில் கான்வாஸ் ஷூ. ஆட்டோவில் என் காட்சி எதைப் பற்றியது என்று கேட்டார். சொன்னதும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"கடலடி வெந்நீர் ஊற்றா? திண்டுக்கல்லிலா?"

"ஆமா மேடம். முதல் வருஷத்திலிருந்து, ஒவ்வொரு உயிரும் வர்ற வரிசையில."

"அதை முதல்ல பார்ப்போம்," என்றார். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடார வாசலில் மாமா மைக் செட்டைத் திறந்துவைக்கிற தோரணையில் நின்றார். "எல்லாம் ரெடி மாப்ள. ஒரு உசுரு விடாம வச்சாச்சு."

ஒரு உசுரு விடாம.

அம்மையார் ஷூவோடு உள்ளே போனார். டார்ச்சைச் சுற்றினார். அந்த வெளிச்சம் போன இடமெல்லாம் நானும் பார்த்தேன். பஞ்சு இருந்தது. சின்னப் புழு இருந்தது. பெரிய புழு ஒன்று குறையாமல் இருந்தது. நண்டு, மட்டி, எல்லாம் இருந்தன. பத்தாண்டுக் கடலடி குரூப் போட்டோவுக்கு நின்றதுபோல நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நடுவில் நாணயங்கள் வேறு.

"ஒரே ஒரு கேள்வி, தம்பி," என்றார். "இது எத்தனையாவது வருஷம்?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இன்னைக்கு மூணாம் நாளுங்கம்மா."

நான் அம்மாவிடம் மெதுவாக, "பஞ்சையும் சின்னப் புழுவையும் எடுக்கலையாம்மா?" என்றேன்.

"எடுக்கணுமா?" அம்மா உண்மையாகவே திகைத்துப்போனாள். "வைக்கத்தான சொன்ன. வந்த உசுர எப்பிடி அப்பு நடுவுல எடுக்குறது? குடில்ல நகத்துவோம். பிரிக்கிற அன்னைக்குத் தவிர யாரையாச்சும் எடுத்திருக்கோமா?"

எல்லாக் கட்டங்களையும் ஒரே பார்வையில் காட்டும் மாதிரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்றாகிவிடும். விடை எனக்குத் தெரியும்.

"தப்பு மேடம். இது எந்த வருஷமும் இல்லை. எடுக்க வேண்டியதை நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் என் கையிலிருந்த இன்னொரு டார்ச்சையும் வாங்கிக்கொண்டார். "சரி, இப்ப எடுங்க. நான் வெளிச்சம் பிடிக்கிறேன். எதை, ஏன் எடுக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே எடுக்கணும்."

முட்டிபோட்டேன். முதலில் பஞ்சு. வெடித்த புதிதில்தான் இப்படி வெள்ளையாகப் பறக்கும், ஊற்று நிதானப்பட்டதும் இவ்வளவு இருக்காது என்று சொல்லிக்கொண்டே அள்ளினேன். அடுத்து சின்னப் புழு. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். அதோடு ஒரு பெரிய புழுவும் மலையே அசையும்படி சாய்ந்தது.

"அத இழுக்காத அப்பு, பிஞ்சிரும்!" என்று அம்மா ஓடிவந்தாள். "பெருச அது மேலதான் ஒட்டியிருக்கேன்."

"ஏம்மா?"

"சூடு வர்ற ஓட்டைக்குப் பக்கத்துலயே வைக்கணும்னு நேத்துத் தொண்ட கிழியச் சொன்ன. அங்கன எடம் எங்க இருக்கு? சின்னதுக மொதல்லயே வந்து புடிச்சிருச்சுக. அதான் அதுக தலமேலயே பசையத் தடவிப் பெருச ஒக்கார வச்சிட்டேன்."

அம்மையார் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு அல்ல. "அம்மா, நீங்க இதை எங்க படிச்சீங்க?"

"எனக்குப் படிக்க வராதுங்கம்மா. எடம் இல்ல, ஒட்டிட்டேன்."

"அங்கேயும் அதேதான் நடந்துச்சு. ஊற்றோட வாய்ப்பக்கம் இடம் குறைச்சல். பெருசு வந்து, சின்னதோட குழாய் மேலேயே உட்கார்ந்து வளர்ந்து மூடிருச்சு." என் பக்கம் திரும்பினார். "உங்க கட்டுரையிலும் இது இருந்திருக்கணுமே, தம்பி?"

இருந்தது. அந்த வரியை நான் அகராதி வைத்துப் படித்தும் இருந்தேன். "இருந்துச்சு மேடம். சின்னது போயிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அடியில கிடக்கும்னு நினைக்கல."

"ரொம்பப் பேர் அப்படித்தான் புரிஞ்சுக்கிறாங்க. மேற்கொண்டு எடுங்க."

வேகம் பிடித்துவிட்டது எனக்கு. பெரிய புழுக்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், சல்பைடு குறைகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டே. மட்டிகளைப் பிரித்து இடம் மாற்றினேன். மட்டிக்குக் கொஞ்சம் சல்பைடு போதும், தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்னவும் தெரியும், அதனால்தான் கஷ்ட காலத்தில் நிற்கிறது என்றேன். ஓரத்துக்கு மட்டி போதவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மையார் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தார்.

"சல்பைடு வாசனைக்குக்கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?"

பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். நான் முந்தின நாள் கேட்டிருந்த இன்னொரு நாற்பது சிப்பிகளை, வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு, குளிக்காமல் கொண்டுவந்திருந்தார். வேலை உடுப்போடு ஆட்கள் பக்கத்தில் நிற்கவே மாட்டார். துணியைக் கீழே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்.

"அது எங்க அப்பா மேடம்," என்றேன். "தோல் ஷாப்ல இருக்காங்க. மட்டி எல்லாம் அவங்க செஞ்சது."

அம்மையார் ஒரு சிப்பியை வாங்கி டார்ச்சில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வாசனையோட நான் இதுவரை ஒரு மாதிரியும் பார்த்ததில்லை. நீங்க நில்லுங்க, போகாதீங்க," என்றார் அப்பாவிடம். பிறகு என்னிடம்: "கடைசிக் கேள்வி. ஊற்று நின்னுபோச்சு. இப்ப?"

நான் மிச்சமிருந்த புழுக்களை உருவி எடுத்தேன். நண்டுகளை எடுத்தேன். சிப்பிகளைத் திறந்து வெறும் ஓடாகக் கவிழ்த்தேன். மாமாவிடம் சாம்பிராணியை அணைக்கச் சொன்னேன். புகை நின்றது.

"அட, நம்ம தெக்குத்தெரு ஷாப்ப மூடுன மாதிரி," என்றார் அப்பா, தன்னை மறந்து. "ஆளெல்லாம் பூட்டு வேலைக்கும் மில்லுக்கும் போயிட்டாக. டீக்கடை ஒண்ணு மட்டும் கொஞ்ச நாள் கெடந்துச்சு."

"அப்ப இதுகளோட பிள்ளைங்க?" என்று அம்மையார் என்னைக் கேட்டார்.

"இது அணையுறதுக்கு முன்னாலேயே குஞ்சுக மிதந்து போயிருக்கும் மேடம். எங்கேயாவது இன்னொன்னு திறந்திருக்கணும்."

அவர் இரண்டு டார்ச்சையும் அணைத்தார். இருட்டில் பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.

நான்கு மணிக்குத் துறைத் தலைவர் அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டினார். என் பெயர். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டினேன். "கடல்ல எறங்கச் சொல்லுவாகளா? ஒனக்கு நீச்சத் தெரியாதே," என்பதுதான் அவள் முதலில் சொன்னது. அப்பா அன்று மாலையே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முதலாளி வீட்டுக்குப் போய், பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது எனக்குப் பிரியாணி வாங்கிவந்தார்.

மே மாதம் போனேன். கடலைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் நாள் எங்களை உப்பங்கழியின் கறுப்புச் சேற்றில் இறக்கினார்கள். கால் புதைந்ததும் குமிழி விட்டு மேலே வந்தது அப்பாவின் சட்டை வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு வீட்டுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும் போலிருந்தது. பின்னாளில், பிரவுசிங் சென்டர் படத்தில் பார்த்த அந்தப் பகுதியில் கடலடி மீண்டும் வெடித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டது என்று படித்தபோது போட்டும் சொன்னேன். "அப்ப திரும்பப் பஞ்சுலருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லு," என்றாள் அம்மா.

மலையடியில் விழுந்த நாணயங்களைக் கண்காட்சி முடிந்த அன்றே மாமா பொறுக்கி, என் பஸ் காசுக்கு ஆகும் என்றார். அம்மா விடவில்லை. "புழுவுக்குன்னு யாரும் போடல. சாமிக்குன்னு போட்டாக," என்று அப்படியே கோயில் பெட்டியில் கொட்டிவிட்டாள். டிசம்பரில் மாமா மலைக்குப் பச்சை அடித்தார். காய்ந்தால் கறுப்பு. மறுபடி அடித்தார். மறுபடியும் கறுப்பு. தெருக்காரர்கள், "ஆண்டவர் நிலக்கரிச் சுரங்கத்துலயா பொறந்தாரு?" என்று கேட்க ஆரம்பித்ததும், சாக்கும் மூங்கிலும் மைதாவும் வாங்கிப் புது மலையே செய்துகொடுத்தோம். பிப்ரவரியில் கடலடிக்கு ஆனது முந்நூற்று எழுபத்தொரு ரூபாய். டிசம்பரில் மலைக்கு நானூற்று எழுபத்தைந்து. ஆக மொத்தம் எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய்.